‘நீச்சே க்யா ஹை?’ என்று கேட்ட நேவிகேட்டர்

இந்திய விமானப்படையின் சரக்கு விமானமான ஏ.என். 32இன் காக்பிட்டில் இடது பக்கச் சன்னல் ஒன்று வெளியே புடைத்துக்கொண்டிருக்கும். வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் தலையை நுழைத்தால் நேர் கீழே தரையைப் பார்க்கலாம். எங்கள் நேவிகேட்டர் பாதி ஆயுளை அதற்குள்ளேயே கழித்தார் என்று கிண்டல் செய்வோம். அவர் தலைக்கு வைக்கும் கடுகெண்ணெய் அந்தக் கண்ணாடியில் வட்டமாகப் படிந்திருக்கும். தினமும் காலையில் அதைத் துடைப்பது என் வேலை. ப்ளைட் இன்ஜினியர் என்றால் பெரிய வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாம்பரத்தில் பயிற்சி முடித்து, பல வருடம் தரையில் இன்ஜின் வேலை பார்த்து, அதற்கப்புறம்தான் பறக்கும் வேலைக்கு வந்தேன். வடகிழக்கில் இருந்த வருடங்களில் அருணாசலப் பிரதேசத்தின் எல்லைத் தளங்களுக்குச் சாமான் ஏற்றிப் போவதுதான் அன்றாடம். மெச்சுகா, டூட்டிங், வாலோங், விஜய்நகர். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், தகரக் கூரை, சில நாள் உயிரோடு ஆடு. நாங்கள் கிளம்பும் அசாமின் ஜோர்ஹாட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரத்தில்தான் இருக்கிறது. மெச்சுகா 6,000 அடிக்கு மேல். நடுவில் 12,000 அடியைத் தாண்டும் மலைவரிசைகள். பறக்கும் நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகிறவருக்குக்கூட உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும், எங்களுக்குக் கிடைக்காது.

அங்கே கோடையில் நாலரை மணிக்கே விடிந்துவிடும். நாங்கள் மூன்று மணிக்கு எழுந்துவிடுவோம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து ஈரம் கிளம்பி, பத்து பதினோரு மணிக்கெல்லாம் மலை உச்சிகள் மேகத்துக்குள் போய்விடும். அதற்குள் இரண்டு நடை அடித்துவிட வேண்டும். மூன்றாவது நடைக்கு ஆசைப்படும் நாள்தான் ஆபத்தான நாள். இதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

அப்படி ஒரு மூன்றாவது நடை. சாமானை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். பின்னால் இருபது பேர் பயணிகள்: விடுமுறைக்குப் போகும் ஜவான்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு கர்ப்பிணி, கோழிக்கூடையோடு ஒரு பாட்டி. வெளியே வெள்ளைச் சுவர். மேகத்துக்குள் இருந்தால் அப்படித்தான் தெரியும். இறக்கையின் நுனிகூடக் கண்ணில் படாது. சமவெளியில் இருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் குரல் வந்தது: இறங்கலாம், இன்ன உயரத்துக்கு வாருங்கள். கோ-பைலட் திருப்பிச் சொன்னார். கேப்டன் பவரைக் குறைக்கச் சொன்னார். என் கை குறைத்தது.

விமானம் மூக்கைத் தாழ்த்தியது. ஐந்து விநாடியோ பத்து விநாடியோ போயிருக்கும். நேவிகேட்டர் குமிழிலிருந்து தலையை எடுத்துத் தன் நோட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீள நோட்டு. அதில் ஒவ்வொரு வழிக்கும் மலைவரிசைகளைப் பக்கவாட்டில் கையாலேயே வரைந்து, உயரங்களைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருப்பார். இன்டர்காமில் அவர் குரல், கோபமே இல்லாமல், சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கிற மாதிரி வந்தது.

“கேப்டன், நீச்சே க்யா ஹை?”

கீழே என்ன இருக்கிறது. கேப்டன் பதில் சொல்லவில்லை. “பவர்” என்று மட்டும் சொன்னார். இரண்டு நெம்புகோலையும் முழுக்கத் தள்ளினேன். ஏறினோம். ரேடியோவில் மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த உயரம் எங்களுக்கு உரியதே அல்ல. அதே நேரத்தில் சமவெளிக்கு மேலே இன்னொரு ஏ.என். 32 வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் அழைப்புப் பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம். அதற்குச் சேர வேண்டிய உயரத்தைக் கட்டுப்பாட்டாளர், நாங்கள் மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதே வழியில் திரும்பும்போது நேவிகேட்டர் என் தோளைத் தட்டி, குமிழுக்குள் பார்க்கச் சொன்னார். கீழே ஒரு முகடு. அதன் மேல் ஊசியிலை மரங்கள், நடுவில் ஒன்று மட்டும் மின்னல் அடித்துப் பாதி கருகியது. “நேற்று நமக்குக் கொடுத்த உயரம் அந்த மரத்தின் இடுப்பு” என்றார். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறை தவறான உயரம் கொடுத்தது என்று சூடாக எழுதினேன். விமானப் பாதுகாப்பு அதிகாரி அதைப் படித்துவிட்டு, “அவர் தப்பாகக் கொடுத்தார், சரி. நீங்கள் மூன்று பேர் ஏன் வாங்கிக்கொண்டீர்கள்?” என்று கேட்டார். நான் இன்ஜின் மட்டும் பார்க்கிறவன், சார் என்றேன். “உயரத்தைக் காதில் கேட்டீர்களா இல்லையா?” கேட்டேன். காதில் விழுந்தது, கை வேலை செய்தது, நடுவில் மூளை வரவே இல்லை. அந்தத் தாளைத் திருப்பி வாங்கி, என் பங்கையும் சேர்த்து எழுதினேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு பதில் கிடைத்தது ரொம்ப வருடம் கழித்து, வேறு நாட்டு விபத்துகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு.

ஏன் வேறு நாடு என்றால், நம் ராணுவ விமான விபத்துகளில் நடக்கும் கோர்ட் ஆஃப் இன்கொயரி என்ற உள்விசாரணையின் அறிக்கை முழுதாக வெளியே வருவதில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்குச் சாரம் வரும். வெளியே இருக்கிறவனுக்குப் பத்திரிகைச் செய்திதான். இது எனக்குக் குறையாகவே படுகிறது.

1975 மார்ச் 20. அமெரிக்க விமானப்படையின் சி-141 சரக்கு விமானம் ஒன்று ஜப்பானின் யோகோட்டாவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மெக்கார்ட் தளத்துக்கு வந்துகொண்டிருந்தது. 16 பேர். கடல் முழுக்கத் தாண்டியாயிற்று, வீடு அரை மணி தூரம். கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர் 5,000 அடிக்கு இறங்கச் சொன்னார். அது அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு கடற்படை விமானத்துக்குச் சேர வேண்டிய உயரம். சி-141 இறங்கியது. கீழே ஒலிம்பிக் மலைகள், 7,000 அடிக்கு மேல் நிற்கும் முகடுகள். எல்லோரும் இறந்தார்கள். இதைப் படித்தபோது இரவு பதினொரு மணி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். எங்கள் கதையேதான், நோட்டு வைத்திருந்த ஆள் மட்டும் இல்லை.

இன்னொன்று இதைவிட விரிவாகப் பேச வேண்டியது. 2012 மார்ச் 15. நார்வே விமானப்படையின் சி-130ஜே ஹெர்குலிஸ், அழைப்புப் பெயர் ஹேஸ் 01. பழைய விமானம் அல்ல. ஹெர்குலிஸ்களிலேயே புதிய ரகம். ஒரு கூட்டு ராணுவப் பயிற்சிக்காக நார்வேயின் எவனஸிலிருந்து சுவீடனின் கிருனாவுக்குக் கிளம்பியது. ஐந்து பேர். கெப்னெகைசெ என்பது சுவீடனின் மிக உயரமான மலை, ஏறக்குறைய 2,100 மீட்டர். அதன் மேற்குச் சரிவில், இரண்டு உச்சிகளுக்கும் நடுவில் போய் மோதியது. மோதலில் பனிச்சரிவு கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

சுவீடனின் விபத்து விசாரணை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. கட்டுப்பாட்டாளர்கள் கொடுத்த அனுமதிகளில் இருந்த குறையை விமானக்குழு கவனிக்கவில்லை. அதைப் பின்பற்றினால் வரும் ஆபத்தையும் கவனிக்கவில்லை. அதனால் விமானம் கட்டுப்பாட்டு வான்வெளியை, அதாவது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் இருக்கும் வான்பகுதியை, விட்டு வெளியே வந்து, சுற்றியுள்ள மலையைவிடத் தாழ்வாகப் பறந்தது என்பதுதான் அவர்கள் கண்ட காரணம். அதோடு நிறுத்திவிடாமல் இரண்டு அமைப்புகளையும் பிடித்தார்கள். பாதையில் பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகாமல் தடுக்கும் வேலைமுறையை நார்வே விமானப்படை தன் குழுக்களுக்கு உறுதிசெய்யவில்லை. கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் மட்டுமே அனுமதி கொடுப்பதையும் தேவையான தகவலைத் தருவதையும் உறுதிசெய்யும் வேலைமுறை சுவீடனின் வான்வழிச் சேவையிடம் இல்லை.

கொடுத்த உயரம் ப்ளைட் லெவல் 70. காதுக்கு 7,000 அடி என்று கேட்கும். கெப்னெகைசெ அடிக்கணக்கில் ஏறக்குறைய 6,900. நூறு அடி மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ப்ளைட் லெவல் என்பது தரையிலிருந்தோ கடலிலிருந்தோ அளந்த உயரம் அல்ல. உலகம் முழுவதற்கும் ஒரே காற்றழுத்தத்தை வைத்துக்கொண்டு கருவி காட்டுகிற கணக்கு. வெளியே அழுத்தம் குறைந்தால், குளிர் கூடினால், கருவி 7,000 என்று காட்டும்போது விமானம் அதற்குக் கீழேதான் இருக்கும். நிர்ணயித்த வெப்பநிலையைவிட ஒவ்வொரு 10 டிகிரி குளிருக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது பைலட்கள் வைத்திருக்கும் மோட்டாக் கணக்கு. மார்ச் மாத வடக்குச் சுவீடன். மலையில் பலத்த காற்று வேறு. மலையைத் தாண்டும் காற்று சரிவில் விழும்போது விமானத்தையும் சேர்த்து இழுக்கும்.

இவ்வளவு நவீன விமானத்தில் மலை வருகிறது என்று எச்சரிக்கும் கருவி இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். இருந்தது. ஆனால் அதற்குள் இருந்த நிலப்பரப்புத் தகவல் வடக்கே 60 டிகிரி அட்சரேகையோடு முடிந்துவிட்டது. கெப்னெகைசெ இருப்பது ஏறக்குறைய 68 டிகிரியில். வட துருவத்துக்குப் பக்கத்தில் வாழும் ஒரு நாட்டின் விமானம் அது! இதைப் படித்த அன்று என் மகனிடம் போனில் சொன்னேன். அவன் சாப்ட்வேரில் இருக்கிறான். “அப்பா, டேட்டா இல்லை என்று கருவி சொல்லியிருக்க வேண்டாமா?” என்றான். நல்ல கேள்விதான். நாமும் நம் கருவியிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: உனக்கு எதுவரை தெரியும்?

இப்போது அந்தப் பாதுகாப்பு அதிகாரியின் கேள்விக்கு வருகிறேன். ஏன் வாங்கிக்கொண்டோம்? ரேடியோவில் ஒரு உயரம் வந்தால் அது எங்கோ சரிபார்த்து வந்திருக்கிறது என்று காக்பிட் நம்புகிறது. பைலட் தெரியாமலா வாங்குவார் என்று கட்டுப்பாட்டாளர் நம்புகிறார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள், நடுவில் மலை நிற்கிறது. அந்த நேவிகேட்டர் யாரையும் சந்தேகப்படவில்லை. ஒரு உயரம் காதில் விழுந்தால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தன் நோட்டில் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான். பழக்கம். அதற்குப் பிறகு நானும் ஒரு சின்ன நோட்டு போட்டேன். ஒவ்வொரு வழிக்கும் ஒரே ஒரு எண்: இதற்குக் கீழே பவரைக் குறைக்கச் சொன்னால் வாயைத் திறக்க வேண்டும். கேப்டன்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர் அந்த நோட்டை வாங்கித் தன் கையால் திருத்திக் கொடுத்தார்.

பள்ளத்தாக்கில் பறக்கும் இளைஞர்கள் யாராவது படித்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், 30 டிகிரி சாய்த்து, ஒரு விமானம் முழுக்கத் திரும்ப ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் அகலம் வேண்டும். பள்ளத்தாக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் நடுவில் பறக்கிறவனுக்குத் திரும்ப இடம் இல்லை. ஓரமாகப் பறக்கிறவனுக்கு இருக்கிறது. நடுவில் போனால் இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளி இருக்கிறோம், பத்திரம் என்று மனசு சொல்லும். அதைக் கேட்கக் கூடாது. திரும்புவதும் மேகம் மூக்கில் முட்டும்போது அல்ல, திரும்ப இடம் இருக்கும்போதே. திரும்பி வந்த நாள்களில் அந்தக் கோழிக்கூடைப் பாட்டி மாதிரி எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். திட்டட்டும்.

ஒரு முறை விபத்து நடந்த இடத்துக்கும் போனேன். எந்த விபத்து, எந்த வருடம் என்று சொல்லவில்லை. அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. இன்ஜின் பாகங்களை அடையாளம் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று தரைவழிக் குழுவோடு அனுப்பினார்கள். நான்கு நாள் நடை. வழிகாட்டியவர்கள் அருணாசலத்தின் ‘ஆதி’ என்ற பழங்குடி இன மக்கள். நாங்கள் மூங்கிலைப் பிடித்துத் தவழ்ந்த இடங்களில் முதுகில் மூட்டையோடு பேசிக்கொண்டே நடந்தார்கள். வழியில் ஒருவர் வீட்டில் அரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சி வைத்த பாத்திரம் கனமே இல்லை. தட்டிப் பார்த்தேன், விமான அலுமினியம். தாத்தா காலத்தில் காட்டில் கிடைத்தது என்றார் வீட்டுக்காரர். 1942 முதல் 45 வரை அசாமிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு இந்த மலைகளுக்கு மேலேதான் அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் போய் வந்தன. ஜோர்ஹாட்டும் அதில் ஒரு தளம். நூற்றுக்கணக்கானவை திரும்பவில்லை. அவற்றில் சில இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. இன்று அந்த வரலாற்றுக்காகப் பாசிகாட்டில் ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

விபத்து நடந்த இடத்தில் முதலில் கண்ணில் பட்டது விமானம் அல்ல, மரங்கள். சலூனில் மெஷின் போட்ட மாதிரி, உச்சிகள் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டிருந்தன. விசாரணை அதிகாரி உடைந்த உலோகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டேப்பை எடுத்து மரங்களை அளக்க ஆரம்பித்தார். முதல் மரம் எந்த உயரத்தில் வெட்டுப்பட்டது, அடுத்தது எதில், இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு. அந்தக் கோட்டை நீட்டினால் விமானம் எந்தக் கோணத்தில் வந்தது, இறக்கைகள் சமமாக இருந்தனவா, சாய்ந்திருந்தனவா என்று தெரிந்துவிடும். சமமாக, நேராக வந்திருந்தால் கடைசி விநாடி வரை விமானம் பைலட் கையில்தான் இருந்தது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். தரையில் ஒரு மரத்துண்டு. வெள்ளரிக்காயைச் சாய்வாக நறுக்கியது போல இரண்டு பக்கமும் வழவழப்பான வெட்டு. சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் வெட்டிய துண்டு அது. அசையாத புரொப்பெல்லர் மரத்தை ஒடிக்கும், நறுக்காது. வெட்டுக்கும் வெட்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுழன்றது என்று கணக்குப் போடலாம். எச்சரிக்கை விளக்குகளின் குண்டு பல்புகளைக்கூடப் பஞ்சில் சுற்றி எடுத்தார்கள். மோதும்போது எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இழுபட்டு நீண்டிருக்கும், அணைந்திருந்தது ஒடிந்திருக்கும். மோதிய கணத்தில் முள் அடித்த தடம் கருவி முகப்பில் இருக்கும். கறுப்புப் பெட்டி பேசாவிட்டாலும் இத்தனையும் பேசும். அதனால் மலையேறப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விமானத்தின் துண்டு எதையாவது பார்த்தால் நினைவுக்காக எடுத்து வராதீர்கள். இருக்கிற இடத்திலேயே வைத்து, தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து, போனில் இடக்குறிப்பைச் சேமித்து, பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் சொல்லுங்கள்.

தளத்தில் நடப்பது வேறு கதை. விமானம் வரவில்லை என்று தெரிந்த உடனே பராமரிப்புப் பதிவேட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். நாங்கள் அதை எஃப் 700 என்போம். எரிபொருள் ஊற்றிய பௌசர் லாரியில் எடுத்த சாம்பிள், கட்டுப்பாட்டு அறையின் ஒலிநாடா, எல்லாம் பூட்டுக்குள் போகும். அன்று காலை அந்த விமானத்துக்குக் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் என் பக்கத்துக் கட்டில்காரன். இரண்டு வாரம் அவன் தூங்கவில்லை. “எண்ணெய் மூடியைத் திருகினேனா?” என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்பான். திருகியிருக்கிறான், பதிவேட்டில் இருக்கிறது, இருந்தும் கேட்பான். நான் காட்டிலிருந்து திரும்பியதும் விசாரணை விஷயம் வெளியே சொல்லக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து அவன் தட்டில் ஒரு சப்பாத்தி வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன ஏ.என். 12 ஒன்று, மோசமான வானிலையால் திரும்பும் வழியில் ரோதங் கணவாய்ப் பக்கம் காணாமல் போனது. 102 பேர். எதிரி நாட்டில் இறங்கிவிட்டது, சிறையில் இருக்கிறார்கள் என்றெல்லாம் வதந்தி. 2003இல் மணாலி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்காரர்கள் சந்திரபாகா-13 சிகரப் பயணத்தில் டாக்கா பனியாற்றில் ஒரு சிப்பாயின் உடல் மிச்சத்தைக் கண்டார்கள். அதன் பிறகு பனி உருக உருக இன்னும் சிலர் வெளியே வந்தார்கள். 2024 செப்டம்பரில் இன்னும் நான்கு பேர். அதில் ஒருவர் கேரளத்தின் எலந்தூரைச் சேர்ந்த தாமஸ் செரியன். இறந்தபோது வயது 22. 56 வருடம் கழித்து ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் மட்டும் பிரச்சினை இல்லை, காகிதமும் பிரச்சினை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பி வங்கக்கடலில் மறைந்த ஏ.என். 32இல் 29 பேர் இருந்தார்கள். இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று அறிவித்தது சில வாரங்கள் கழித்து. உடைந்த பாகங்கள் சென்னையிலிருந்து 140 கடல் மைல் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் தெரியவந்தது 2024 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் பென்ஷன், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம் தேவைப்படும். சேவையில் இருக்கும் தம்பிகள் கல்யாணம் ஆனவுடன் க்ரூப் இன்சூரன்ஸ் நாமினி பெயரை மாற்றுங்கள். என்னோடு இருந்த ஒருவன் பத்து வருடம் மாற்றாமல் வைத்திருந்தான். நாமினி, இறந்துபோன அவன் அப்பா. நல்ல வேளை, அவன் நன்றாக இருக்கிறான்.

2019 ஜூன் 3, திங்கட்கிழமை. நான் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகாவுக்கு மதியம் பன்னிரண்டரைக்குச் சற்று முன் கிளம்பிய ஏ.என். 32 ஒன்றைக் காணவில்லை, 13 பேர் என்று டிவியில் சொன்னார்கள். மதியம் என்றதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வழியில், பத்து வருடத்துக்கு முன் 2009 ஜூன் 9 அன்று மெச்சுகாவிலிருந்து திரும்பிய ஏ.என். 32 ஒன்று ஹேயோ கிராமத்துக்கு மேலே ரிஞ்சி மலையில் விழுந்தபோதும் 13 பேர்தான்.

எட்டு நாள் தேடினார்கள். ஹெலிகாப்டர்கள், இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள், நம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து கடற்படையின் பி-8ஐ விமானம். தகவல் சொல்பவருக்கு 5 லட்சம் என்று விமானப்படை அறிவித்தது. விமானத்தில் இருக்கும் அபாயக் குரல் கருவி என்ன ஆனது என்று தெருவில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் கத்தும். செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1 அன்றே நிறுத்திவிட்டன. 406 மெகாஹெர்ட்ஸ் கருவிதான் இப்போது மேலே கேட்கும். அதுவும் மோதலில் ஆன்டெனா ஒடிந்தால் ஊமைதான். மலைக்காட்டில் மரங்கள் மூடிக்கொண்டால் மேலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். கடைசியில் ஜூன் 11 அன்று, லிப்போவுக்கு வடக்கே 16 கிலோமீட்டரில், ஒரு எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. யாரும் உயிரோடு இல்லை என்று 13ஆம் தேதி சொன்னார்கள். இறந்தவர்களில் ப்ளைட் இன்ஜினியரும் இருந்திருப்பார். அந்த இருக்கை எனக்குத் தெரியும். இரண்டு பைலட்டுக்கும் நடுவில், எல்லாம் நேராகத் தெரியும் இடம்.

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று சாயங்காலம் ராஞ்சிக்குப் போன் போட்டேன். எங்கள் நேவிகேட்டர் ஓய்வுக்குப் பிறகு அங்கேதான் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார், காது கொஞ்சம் மந்தம்.

“சார், மெச்சுகா விமானம் கிடைத்துவிட்டது.”

“எங்கே?”

“லிப்போவுக்கு வடக்கே, பதினாறு கிலோமீட்டர்.”

“உயரம்?”

“பன்னிரண்டாயிரம் அடி என்கிறார்கள்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். “இன்ஜினியர் சாப், ஒரு நிமிடம் இருங்கள்” என்றார். நாற்காலி நகர்ந்தது, அலமாரிக் கதவு திறந்தது. அப்புறம் ஒரு பழைய நீள நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.